மூன்று தரம் கூப்பிட்ட பெயர்கள்

எனக்குக் கோபம் வந்தால் கை முந்தும், புத்தி பிந்தும். இதை முதலே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்று நடந்ததில் எவ்வளவு என் கை செய்தது, எவ்வளவு வேறு எதுவோ செய்தது என்று இன்னும் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இடி விழுந்து சேர்வர் படுத்து மூன்று நாள். மூன்று நாளும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்துவிட்டு, அதிகாரிகள் காணி வழக்குகளைக் கேட்டுத் தீர்க்கிற காணிக் கச்சேரி நடக்கிற அன்று காலை எட்டரைக்குக் கிளிநொச்சியில் கொம்பியூட்டர் திருத்துகிற எனக்குப் போன் எடுக்கிறார் யோகநாதன் அண்ணை. துணுக்காய்ப் பக்கத்தில் ஒரு கமக்காரர் சங்கத்தின் செயலாளர் அவர்.

"தேனுகா, மூண்டு மணிக்கு முதல் ஒரு பைல் எடுத்துத் தர வேணும் பிள்ளை."

ஏதோ அலுமாரியைத் திறந்து சீனிப் போத்தலை எடுத்துத் தரச் சொல்கிற மாதிரி. வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு மோட்டர் சைக்கிளை எடுத்தேன்.

சும்மா விடவும் முடியாது. போன மாரியில் குளக்கட்டு உடைந்து ஊரெல்லாம் வெள்ளம் புகுந்தபோது, நாற்பது ஐம்பது குடும்பங்களின் காணி அனுமதிப் பத்திரங்கள், எங்கள் பேச்சில் பேமிற்றுகள், கூழாகிவிட்டன. அரசாங்கக் கந்தோர்ப் பதிவுகளோ சண்டையோடு போனவை. மிஞ்சியது சங்கத்துச் சேர்வரில் இருந்த படப் பிரதிகள் மட்டும்தான். மீளக் குடியேறிய காலத்தில் சங்கத்து எழுதுவினைஞர் அன்னபாக்கியம் அக்கா, எல்லாருக்கும் அன்னம் அக்கா, ஒவ்வொரு பேமிற்றாக ஸ்கான் பண்ணி ஏற்றி வைத்தவை. அந்தப் பக்கத்திலேயே இருக்கிற என்னுடைய அப்பா தயாபரனின் பேமிற்றும் அதற்குள்தான் கிடந்தது. அவருக்குக் கச்சேரி அடுத்த கிழமை. அதனால் அதைப் பற்றி நான் அவ்வளவு யோசிக்கவில்லை.

அன்றைக்குக் கச்சேரி வடிவம்மாவுக்கு. நான் போய் இறங்கியபோது சங்கக் கந்தோர் வாங்கில் சொப்பிங் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மலைநாட்டிலிருந்து எழுபத்தேழுக் கலவரத்தோடு வந்து காடு வெட்டிய குடும்பம். குளத்துக்குக் கீழே இரண்டு ஏக்கர் வயல். பேமிற் புருசன் பெயரில். அவர் செத்து மூன்று வருசம். மூன்று மணிக்குள் பிரதியைக் காட்டினால் காணி வடிவம்மா பெயருக்கு மாறும். காட்டாவிட்டால், அதே வயலுக்கு மனுப் போட்டிருக்கிற இன்னொருவருக்குப் போகும்.

"கெடைச்சிடுமா புள்ள?" என்று கேட்டார்.

"பார்ப்பம்" என்றேன். நேரமில்லாத நேரத்தில் யாராவது கேள்வி கேட்டால் எனக்குப் பிடிக்காது.

சேர்வர் பின்னறையில் இருந்தது. நான்கு டிஸ்க் போட்ட, பாண் ரொட்டி அளவுப் பெட்டி. கந்தோர்க் கொம்பியூட்டர்கள் எல்லாம் அதிலிருந்துதான் பைல்களை எடுக்கும். அதற்கு முன்னால் ஒரு பழைய கதிரை, பின்னல் துணி போட்டு. நான் இழுத்து இருந்ததும் யோகநாதன் அண்ணையின் முகம் மாறியது.

"அது அன்னம் அக்காவின்ர கதிரை. அவா மோசம் போன பிறகு ஒருத்தரும் இருக்கிறேல்லை."

"அப்ப நான் நிலத்திலயோ இருக்கிறது?"

அன்னம் அக்கா இரண்டு மாதத்துக்கு முன்தான் சிறுநீரக வருத்தத்தில் செத்துப்போனவர். அந்தக் கதிரையில் இருந்தபடியே சனங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாராம். மூன்று தரம் கூப்பிடுவார். அதற்குள் ஆள் வந்து 'இருக்கிறன்' என்று சொல்லாவிட்டால் பைலைக் கட்டி ஓரமாய் வைத்துவிடுவார். பிறகு அரசன் வந்தாலும் அவிழ்க்கமாட்டார் என்று யோகநாதன் அண்ணை சொன்னார். நான் அரைக் காதில் கேட்டேன்.

டிஸ்க்குகள் உயிரோடு இருந்தன. பழுதானது, எந்தப் பைல் எங்கே என்று சொல்கிற அட்டவணை. முறைப்படி முதலில் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் பிரதி எடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அதற்குப் பதினொரு மணித்தியாலம். என்னிடம் இருந்தது ஐந்து. பிரதி எடுக்காமலே திருத்தும் புரோகிராமை ஓட விட்டேன். இது என் முதல் பிழை.

வெளியிலிருந்து ஒருவரும் தொடாமல் இருக்க நெட்வேர்க் வயரைக் கழற்றினேன். பெயரும் இடமும் தொலைந்த பைல்களைப் புரோகிராம் பொறுக்கி, 'தொலைந்து கிடைத்தவை' என்ற ஒரு பெட்டிக்குள் போட்டது. அப்படி வருகிறவற்றுக்குப் பெயர் இராது, இலக்கம் மட்டும்தான். ஒவ்வொன்றாய்த் திறந்து பார்த்து இது யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் நடக்கும் என்று நினைத்தேன்.

பன்னிரண்டு மணி போல் வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். வெயில் முற்றத்தை வறுத்துக்கொண்டிருந்தது. ஒரு காகம்கூட இல்லை. யோகநாதன் அண்ணை சாப்பாடு எடுக்கப் போயிருந்தார். திரும்பிப் பார்த்தால், திரையில் இலக்கங்கள் இருந்த இடத்தில் எழுத்துகள். ஆங்கில எழுத்து, நடுவே அரைப்புள்ளி, ஒரு சொல்லும் இல்லை. பூனை கீபோட்டில் நடந்த மாதிரி. கீழே கேள்வி: இந்தப் பதிவு சரியில்லை, நீக்கவா?

அட்டவணைப் பழுது பரவுகிறது என்று நினைத்தேன். பழுதை விட்டால் மிச்சத்தையும் தின்றுவிடும். 'ஆம்' அடித்தேன். அதே பெயர் திரும்ப வந்தது. நீக்கவா? ஆம். திரும்பவும் வந்தது. மூன்றாம் தரம் ஆம் என்ற பிறகுதான் போனது. உடனே அடுத்தது. அதுவும் மூன்று தரம்.

வாசலில் வடிவம்மா.

"அன்னம் அக்கா வந்துட்டாங்களா புள்ள?"

"அவா செத்து ரெண்டு மாசம் அம்மா."

"அப்போ யாரு பேர் கூப்பிடுறது?"

"ஒருத்தரும் கூப்பிடேல்லை. போய் இருங்கோ."

போனார். நான் அடித்துக்கொண்டே இருந்தேன். ஆம், ஆம், ஆம். விரல் நொந்தது. கூடத்தில் இருந்து அவர் தனக்குள் பேசுவது கேட்டது: "நேசமலருன்னு மூணு தடவ கூப்பிட்டாங்க. ஆளையே காணோமே." வயசு போன மனுசி, பசி மயக்கம் என்று நினைத்தேன். ஆனால் என் கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்தது. அந்த அறையில் மின்விசிறிகூட இல்லை. கதிரையிலிருந்து எழும்ப நினைத்தேன். எழும்பினால் பயந்ததாய் ஆகிவிடும் என்று இருந்துவிட்டேன். இது இரண்டாவது பிழை.

நாற்பத்தாறு பதிவுகள் போய்விட்டன. நாற்பத்தேழாவதற்கு இரண்டு தரம் 'ஆம்' அடித்திருந்தபோது யோகநாதன் அண்ணை சாப்பாட்டுப் பார்சலோடு வந்தார். திரையைப் பார்த்தார். பார்சலை மெல்ல மேசையில் வைத்தார்.

"மாயாண்டி" என்றார்.

"என்ன?"

"இதில மாயாண்டி எண்டு கிடக்கு. வடிவம்மாவின்ர மனுசன்."

திரையில் இருந்தது இதுதான்: khahz;b.

"இது குப்பை அண்ணை."

"குப்பையில்லை பிள்ளை. இது பாமினி. முந்தி நாங்கள் தமிழ் ரைப் பண்ணின எழுத்து. ஆங்கிலக் கட்டையில அடிப்பம், அந்த எழுத்துரு இருந்தாத்தான் தமிழாத் தெரியும். இல்லாட்டி இப்பிடித்தான். அன்னம் அக்கா பைலுக்கெல்லாம் பாமினியிலதான் பேர் வைக்கிறவா."

எனக்குப் பாமினி தெரியாது. நான் தமிழ் அடிக்கப் பழகியது போனில். அவர் காலத்து ஆட்கள் கண்ணால் வாசிப்பதை நான் பழுது என்று அழித்துக்கொண்டிருந்தேன். 'இல்லை' அடித்தேன். அதே கேள்வி வந்தது. திரும்ப 'இல்லை'. அதே கேள்வி. மாயாண்டி, நீக்கவா? பெட்டியின் விளக்கு சிவப்பாய் அடிக்கத் தொடங்கியது. நேரம் ஒரு மணி தாண்டியிருந்தது.

வடிவம்மா வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"அவரைக் கூப்பிடுறாங்க" என்றார். "ரெண்டு தடவ கூப்பிட்டாச்சு. உச்சி வெயில்ல உருவமில்லாம பேர் சொல்லிக் கூப்பிட்டா பதில் சொல்லக் கூடாதும்பாங்க. அது நம்மள கூட்டிட்டுப் போயிடும்னு. நான் என்ன செய்ய?"

நானும் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான். அப்பா அதில் வெகு கண்டிப்பு. நான் எதையும் நம்புகிறவள் இல்லை. ஆனால் அந்தக் கதிரையில் இருந்துகொண்டு, நம்பவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்னம் அக்காவின் வழக்கம்தான் ஞாபகம் வந்தது.

"சொல்லுங்கோ அம்மா" என்றேன். "அவருக்காக நீங்கள் சொல்லுங்கோ. இப்பவே."

வடிவம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். கலியாணம் முடித்த நாளிலிருந்து புருசன் பெயரைச் சொன்னதில்லையாம். பிறகு அந்தச் சேர்வர்ப் பெட்டியை நேரே பார்த்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்று சொன்னார்:

"மாயாண்டி. இருக்கோம்."

சிவப்பு விளக்கு பச்சையானது. கேள்வி போய்விட்டது. நான் ஒன்றையும் தொடவில்லை. பைல் தானாய் மேலே ஏறித் தன் இடத்தில் நின்றது. திறந்தேன். பேமிற், முத்திரை, மாயாண்டியின் பெருவிரல் அடையாளம், எல்லாம் தெளிவாய் இருந்தது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததும் வடிவம்மா அந்தப் பெருவிரல் அடையாளத்தைத் தடவிப் பார்த்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது. யோகநாதன் அண்ணை அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கச்சேரிக்கு ஓடினார். போகுமுன் பாமினி எழுத்துகளை ஒரு கடதாசியில் எனக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார்.

நான் தனியே இருந்து, நீக்கிய பதிவுகளின் பட்டியலை எடுத்தேன். கடதாசியைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாய்க் கூட்டினேன். கதிர்காமநாதன். நேசமலர். பத்துப் பன்னிரண்டு பெயரில் ஏதாவது மீளுமா என்று தேடினேன். அவை கிடந்த இடத்தில் பூச்சியங்கள் மட்டும்தான். பிரதி இல்லை. பதினேழாவது பெயர் jahgud;. யோகநாதன் அண்ணையின் கடதாசியில் j என்பது 'த'. a என்பது 'ய'. h போட்டால் 'யா'. மிச்சத்தைக் கூட்ட எனக்குக் கடதாசி தேவைப்படவில்லை.

வீட்டுக்குப் போன் எடுத்தேன். அப்பாதான் எடுத்தார்.

"அப்பா, சுகமா இருக்கிறீங்களோ?"

"எனக்கென்ன குறை? ஒரு புதினம் கேள் பிள்ளை. மத்தியானம் வேப்பமரத்தடியில படுத்திருந்தனான். ஆரோ ஒரு பொம்பிளை 'தயாபரன்' எண்டு கூப்பிட்டவா. பழகின குரல். எழும்பிப் பார்த்தால் படலையில ஒருத்தரும் இல்லை. வெறும் வெயில்."

நான் பட்டியலில் அந்தப் பதினேழாவது பெயரைப் பார்த்தேன்.

"மூண்டு தரம் கூப்பிட்டுது. பக்கத்து வீட்டு நேசமலருக்கும் அப்பிடித்தானாம். கதிர்காமநாதன் கடையில வைச்சுச் சொன்னவர், தனக்கும் கேட்டதாம். ஆனா எங்கட சனம் விசரே, உச்சிப் பொழுதில ஓம் எண்டு சொல்ல? ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. நானும் திறக்கேல்லை." அப்பா பெருமையாய்ச் சிரித்தார். "சரிதானே பிள்ளை?"

"ஓம் அப்பா" என்றேன். "சரிதான்."