சாப்பாட்டுக்கு முன்னால் முப்பத்தொரு பேர்

மாமனார் இந்த ஊருக்கு வந்தபோது வயது இருபத்தாறு. லிஃப்ட் மெக்கானிக். ஊர் மொழியில் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்ணத் தெரியும், அவ்வளவுதான். முதல் கட்டடத்தில் பன்னிரண்டு மாடி.

முதல் வாரமே, பழுது பார்க்கப் போன லிஃப்டுக்குள் தானே மாட்டிக்கொண்டார். கூட மாட்டிக்கொண்டவர் ஒரு தபால்காரர். இரண்டு மணி நேரம். தபால்காரர் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். வாய் நிறைய நன்றி சொல்ல மாமனாருக்கு மொழி போதவில்லை. அதனால் ஆண்டவரிடம் சொன்னார். அதற்கப்புறம் நாற்பத்தொரு வருஷம், சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொன்னார்.

தபால்காரருக்குப் பின்னால் ஆட்கள் சேர்ந்துகொண்டே போனார்கள். முதலில் வாடகைக்கு இருந்த வீட்டின் வீட்டுக்காரி. வாசல் காவலாளி. தன்னை வேலையை விட்டு நிறுத்திய சூப்பர்வைசர். ஐந்தாவது, ஆஸ்பத்திரியின் மூன்றாவது லிஃப்ட். லிஃப்டுக்கு எதற்கு ஜெபம் என்று யாரோ கேட்டதற்கு, அதில் போகிறவர்கள் பெயரெல்லாம் தனக்குத் தெரியாதே என்றாராம்.

லிஃப்டைச் சோதிக்கிற முறையிலேயே ஜெபமும் போகும். கீழே குழியில் தொடங்கி உச்சியில் மோட்டார் அறை வரை. ஒன்றையும் தாண்ட மாட்டார்.

மருமகன் பஸ் டிரைவர். சாமி கும்பிடுகிற பழக்கம் கிடையாது. கல்யாணத்துக்கு முன்பே அதைச் சொல்லிவிட்டான். மாமனார் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, கண்ணை மட்டும் மூடிக்கொண்டால் போதும் என்றார். பத்தொன்பது வருஷம் மூடிக்கொண்டான். ஒரு வார்த்தையும் காதில் வாங்கியதில்லை என்று மச்சினனிடம் பெருமையாகவும் சொல்லிக்கொள்வான்.

மாமனார் போய் ஒரு வருஷம். அவர் இல்லாமல் எல்லாரும் சேர்ந்து உட்காரும் முதல் மதியச் சாப்பாடு. மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அப்பாவின் ஜெபத்தை முழுசாகச் சொல்ல வேண்டும். ஒருவர்கூட விடுபடக் கூடாது.

அங்கேதான் சிக்கல். யாரும் எழுதி வைக்கவில்லை. போனில் பதிவு செய்யவும் இல்லை. தினமும் நடப்பதை யார் பதிவு செய்வார்கள்?

மச்சினன் பல் டாக்டர், ஒரே மகன். அவன்தான் ஆரம்பித்தான். தபால்காரர், வீட்டுக்காரி, காவலாளி, சூப்பர்வைசர் வரை தடையில்லாமல் போனான். பிறகு ஒரு டீச்சரிடம் தாவினான். அங்கிருந்து எங்கே போவது என்று தெரியவில்லை. தொண்டையைச் செருமினான்.

“மத்த எல்லாரையும்...” என்று இழுத்தான்.

மருமகன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். மனைவியின் உதடு மடிந்திருந்தது. மத்த எல்லாரும் என்று அவள் அப்பா வாழ்நாளில் சொன்னதில்லை.

“ஆஸ்பத்திரி லிஃப்ட விட்டுட்டே” என்றான். வாய் தவறி வந்துவிட்டது.

மேஜையைச் சுற்றி எல்லாக் கண்களும் திறந்துகொண்டன.

“அத்தான், நீங்க கேக்கறதே இல்லன்னு சொன்னீங்க.”

“பசியில உக்காந்திருக்கேன். இன்னும் எத்தனை ஸ்டாப்புன்னு எண்ண மாட்டேனா?”

மச்சினன் சிரிக்க வாயைத் திறந்தான். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

“சொல்லுங்க” என்றாள் மனைவி.

சொன்னான். டிரைவர் வழி மறப்பதில்லை. லிஃப்ட், டீச்சர், டீச்சரின் பக்கவாதம் வந்த புருஷன், மார்க்கெட்டில் மாமனாரை ஏமாற்றியவன், ஏமாற்றியதைக் காட்டிக்கொடுத்தவன். மாமனாரின் வார்த்தை, மாமனாரின் மூச்சு விடும் இடம்கூட அப்படியே வந்தது. இருபதாவது ஆளைத் தாண்டும்போது மனைவி மூக்கை உறிஞ்சினாள். இருபத்தொன்பதாவது, மச்சினன். முப்பதாவது, மருமகன்.

நிறுத்திவிட்டான்.

அதை அவன் வாயால் சொல்வது எப்படி? தாண்டிவிடலாம். தாண்டினால் இங்கே யாருக்கும் தெரியாமல் போகாது. பக்கத்தில் மனைவி கண்ணைத் திறக்காமல் காத்திருந்தாள்.

“என் மருமகனுக்கு விசுவாசம் குடுங்க ஆண்டவரே” என்றான். “ஆனா அவசரமில்ல.”

மச்சினனின் தோள் குலுங்கியது. மனைவியும் அழுகைக்கு நடுவில் களுக்கென்று சிரித்தாள். கொஞ்ச நேரம் யாராலும் ஜெபத்தில் இருக்க முடியவில்லை.

“அப்புறம்?” என்றாள்.

“தெரியாது. இன்னும் ஒண்ணு இருக்கு, அது மட்டும் தெரியும். என் பேரு முடிஞ்சதும் நான் தண்ணி ஊத்த எழுந்துடுவேன்.”

மச்சினன் அக்காவைப் பார்த்தான். அக்கா தம்பியைப் பார்த்தாள். அந்தக் கட்டத்தில் எல்லாருமே தட்டை எடுக்க எழுந்திருப்பவர்கள்தான் போலும்.

“அது நான்தான்” என்று குரல் வந்தது.

மாமியார் சமையலறை வாசலில் நின்றிருந்தார். இரண்டு கையிலும் துணி சுற்றி, ஆவி பறக்கும் பாத்திரம். நாற்பது வருஷமாக, ஜெபம் பாதியைத் தாண்டிய பிறகுதான் அவர் அடுப்பைப் பற்றவைப்பார். இறக்கிக்கொண்டு வரும்போது கடைசி வரி காதில் விழும். அவர் கேட்டதெல்லாம் அந்த ஒரு வரிதான்.

கண்ணை மூடிக்கொண்டார்.

“உள்ள நிக்கிறவளுக்கு இன்னும் கொஞ்சம் பொறுமை குடுங்க ஆண்டவரே. இதோ முடிச்சுட்டேன்.”

எல்லாரும் ஆமென் சொன்னார்கள். மருமகன் சொன்னானா என்று யாரும் கவனிக்கவில்லை.

“வாங்குங்க மாப்ள” என்றார் மாமியார். “கை சுடுது.”