எந்தக் கோயிலடி

செவ்வாய், 11 நொவம்பர் 2025. இன்று வகுப்பில் ஒரு சின்னப் பிழை விட்டேன். கிளென்கோ படுகொலை நடந்த ஆண்டை 1692 என்று சொல்லாமல் 1629 என்று சொல்லிவிட்டேன். திருமதி பிரிங்க்மான் உடனே திருத்தினார். இனி ஆண்டுகளைத் தனிக் காகிதத்தில் பெரிதாக எழுதிக்கொண்டு போகவேண்டும்.

இவ்வளவையும் நாட்குறிப்பில் எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள் யோசப்பின். பிறகு திறந்தாள். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் வீடு பற்றி எரியும்போது வாசலில் செருப்புக் கோணலாகக் கிடப்பதைக் குறித்துவைத்தது போலிருந்தது.

யோசப்பினுக்கு இருபத்துமூன்று வயது. பகலில் டோர்ட்மண்டில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளர் வேலை. வாரத்தில் இரண்டு மாலை ஆங்கில வகுப்பு. எதையும் ஒழுங்காகச் செய்வாள். செய்தபின், சரியாகச் செய்தேனா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பாள். அதே வகுப்புக்கு வரும் நவநீத் அவள் பெயரைச் சுருக்கி யோசி என்று கூப்பிடுவான். பேரே அப்படி இருக்கும்போது பிள்ளை வேறென்ன செய்யும் என்று கேலி பண்ணுவான். ஹனோவரில் வளர்ந்தவன், இப்போது டோர்ட்மண்டில் பஸ் ஓட்டப் பழகுகிறான். வகுப்பில் தமிழர் அவர்கள் இருவர்தான். வகுப்பு முடிந்ததும் ரயிலடிவரை ஒன்றாக நடப்பார்கள். அந்தத் தெரு இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்தால் என்ன என்று அவள் நினைக்கத் தொடங்கியிருந்தாள்.

போன ஞாயிறு அவன் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். தாய் சுகன்யாதேவி புட்டும் மீன்குழம்பும் வைத்துப் பக்கத்திலேயே நின்று பரிமாறினார். கறி காணுமோ என்று கேட்டார், நின்று வேலை செய்தால் கால் நோகாதோ என்று கேட்டார், இந்தக் குளிருக்கு இந்தச் சால்வை எப்படிக் காணும் என்று கவலைப்பட்டார். ஒன்றை மட்டும் கேட்கவில்லை. ஜேர்மனியில் எந்தத் தமிழ் வீட்டுப் படி ஏறினாலும் தேத்தண்ணிக்கு முன்னால் வந்துவிடும் கேள்வி அது: ஊரிலை எவடம்? ஊர்ப்பெயரைச் சொன்னால் போதாது. ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி என்று கேள்வி கிணற்று வாளிபோல் இறங்கிக்கொண்டே போகும். சாதி என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. எடுக்கத் தேவையும் இல்லை.

சுகன்யாதேவி அதைக் கேட்காததை யோசப்பின் தன் வீட்டில் வந்து ஒரு புதினச் செய்தியாகச் சொன்னாள். அவள் தாய் பற்றிமா வெங்காயம் வெட்டிய கையை நிறுத்தவில்லை.

"தாங்கள் கேட்டால் நாங்களும் திருப்பிக் கேப்பம் எண்டு பயம்," என்றார். "நீ அந்தப் பெடியனிட்டை ஒருக்காக் கேட்டுப் பார். சும்மா, கதையோடை கதையா."

யோசப்பின் சீறி விழுந்தாள். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவளிடம் இதையெல்லாம் சொல்ல வெட்கமில்லையா என்றாள். சீறியது உண்மை. கேள்வி முள்ளாக உள்ளே தங்கிவிட்டதும் உண்மை.

இந்தத் தவணை வகுப்பில் ஸ்கொட்லாந்துக் குலங்களைப் பற்றிப் படித்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் எமில் முதல் நாளே, இங்கே குலம் என்றால் தங்கச் சங்கிலியும் பொலிஸ் வண்டியுமாகத் தொலைக்காட்சியில் வருகிற குற்றக் கும்பல்கள்தானே என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். குலத்துக்கொரு கட்டம்போட்ட துணி என்பது பெரும்பாலும் பிற்காலத்தில் துணி வியாபாரிகள் வகுத்த ஒழுங்கு என்று திருமதி பிரிங்க்மான் சொன்னபோது யோசப்பினுக்கு ஏமாற்றமாக இருந்தது.

இன்று பேச்சு அவளுடைய முறை. கிளென்கோப் பள்ளத்தாக்கில் மக்டொனால்ட் குலத்தவர் வீடுகளுக்குப் படைவீரர் வந்து தங்கினார்கள். அவர்களை நடத்தி வந்தவன் கம்பல் குலத்தவன். பனிக்காலம். வந்தவர்கள் ஏறக்குறைய இரண்டு வாரம் அவர்கள் சோற்றைத் தின்று, அவர்களோடு சீட்டாடி, ஒரு விடிகாலையில் எழும்பி அவர்களையே வெட்டினார்கள். அந்த மலைகளில் கொலை புதிதல்ல, உண்ட வீட்டில் கொன்றதுதான் இன்றுவரை மறக்கப்படவில்லை என்று யோசப்பின் சொன்னாள். கம்பல்களுக்கு இடமில்லை என்று பகிடியாக ஒரு விடுதி வாசலில் தொங்கும் பலகையின் படத்தையும் காட்டினாள். அந்த இடத்தில் பேச்சு முடிந்திருக்க வேண்டும்.

கடைசிப் பகுதியைச் சேர்க்கும்படி யாரும் சொல்லவில்லை. நேற்றுத்தான் அவளாகச் சேர்த்தாள். தமிழருக்குக் குலத்துணி இல்லை, குலப்பெயரும் பெயரோடு ஒட்டிவராது, எங்களிடம் ஒரு கேள்விதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, நவநீத் உதவி செய்வான் என்றாள். அவன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, விளையாட்டுக்குத் தயாராகச் சிரித்தான்.

"ஊரிலை எவடம்?"

அவன் ஊர்ப்பெயரைச் சொன்னான்.

"அது பெரிய ஊரெல்லோ. எந்தக் கோயிலடி?"

சிரிப்பு அவன் முகத்தில் கொஞ்சநேரம் நின்றது, ஆள் எழும்பிப்போன கதிரை போல. பிறகு அவன் வகுப்பின் பக்கம் திரும்பி, ஜேர்மனில், குரலை உயர்த்தாமல் விளக்கினான். இதற்குப் பதில் சொன்னால், இவளுடைய வீட்டில் எனக்கு எந்தக் கோப்பையில் தேநீர் தருவது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்றான்.

எமில் அதையும் பேச்சின் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். மிகவும் உயிரோட்டமான பேச்சு என்று திருமதி பிரிங்க்மான் பாராட்டினார்.

நவநீத் வழமைபோல வாசலில் காத்து நின்றான். அதுவே அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. மார்ட்டின் திருநாள் என்பதால் சின்னப் பிள்ளைகள் காகித விளக்குகளோடு பாடிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு வழிவிட்டு இருவரும் சுவரோரம் ஒதுங்கி நின்றபோதுதான் அவன் வாய் திறந்தான்.

"யோசி, தெரிஞ்சோ கேட்டனி, தெரியாமலோ?"

"தெரியாமல்," என்றாள். அவளைக் கேட்காமலே பதில் வந்துவிட்டது. "பேச்சுக்கு நல்லா இருக்கும் எண்டு..."

அவன் தோள்கள் இறங்கின. இங்கே பிறந்த பிள்ளைக்கு இது எங்கே தெரியப்போகிறது, தான்தான் அவசரப்பட்டு எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன் என்று அவனே மன்னிப்புக் கேட்டான். ஹனோவரில் தன் அக்காவின் கலியாணப் பேச்சு இந்தக் கேள்வியோடுதான் நின்றது என்றான். அன்றிலிருந்து அம்மா யாரிடமும் ஊர் கேட்பதில்லை. நீ வந்துபோன பிறகு, இந்தப் பிள்ளையும் ஒன்றும் கேட்கவில்லை என்று அம்மா சந்தோசப்பட்டார் என்றும் சொன்னான்.

ரயில் வந்தது. ஏறும்போது திரும்பினான்.

"வாற ஞாயிறும் உன்னை வரட்டாம். நண்டு தின்னுவியோ எண்டு அம்மா கேக்கச் சொன்னவ."

"தின்னுவன்," என்றாள் யோசப்பின்.

வீட்டில் அவள் மேலங்கியைக் கழற்றுமுன் பற்றிமா கேட்டார். "என்ன, கேட்டனியோ?"

யோசப்பின் மேலங்கியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள், சப்பாத்துகளைச் சோடியாக வைத்தாள். வேறு எந்த நாளும் அவள் செய்வதுதான். ஆனால் தாய் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவன் சொல்லேல்லையாக்கும். சொல்லாட்டி அதுவும் ஒரு பதில்தான், பிள்ளை."

தான் ஞாயிறும் அங்கே போகப்போகிறேன் என்று யோசப்பின் சொன்னாள். சண்டை வரும் என்று எதிர்பார்த்தாள். பற்றிமா கோபிக்கவில்லை.

"போவன். போய்ச் சாப்பிடு. ஆனா அவையை இஞ்சை கூப்பிட்டுப்போடாதை."

இடியப்பம் வைத்த தட்டோடு மேசைக்கு வந்தவள் அதைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் நாட்குறிப்பை எடுத்தாள். ஆண்டு மாறிய பிழையை எழுதியதும் அப்போதுதான். அம்மாவின் மேல் பழியைப் போடலாமா என்று யோசித்துப் பார்த்தாள். அம்மா கேட்கச் சொன்னார், அவ்வளவுதான். வகுப்புக்குள், ஜேர்மன்காரர் நடுவில், பாடம் என்ற போர்வைக்குள் அந்தக் கேள்வியை ஒளித்துக் கொண்டுபோனது அவளுடைய சொந்தக் கெட்டித்தனம்.

சின்னப் பிழைக்குக் கீழே ஒரு வரி இடம்விட்டு எழுதினாள்:

நவநீத்திடம் தெரிந்துதான் கேட்டேன். அம்மாவுக்காக மட்டும் இல்லை, எனக்கும் அறிய வேண்டியிருந்தது. தெரியாமல் கேட்டேன் என்றது பொய். அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். நான் அதை வாங்கிக்கொண்டேன்.

எழுதினால் மனம் ஆறும் என்று நினைத்திருந்தாள். ஆறவில்லை. காகிதத்துக்குச் சொன்னது நவநீத்துக்குச் சொன்னதாகாது. உண்மையைச் சொன்னால் அவன் இனி வாசலில் காத்து நிற்கமாட்டான். சொல்லாவிட்டால் நிற்பான், ஞாயிறு அந்த மேசையில் அவளுக்குத் தட்டும் வைப்பார்கள். இரண்டையும் மாறிமாறி நினைத்துப் பார்த்தாள். பிறகு எழுதி முடித்தாள்:

நாளை, புதன்: வேலை முடிந்ததும் பஸ் டிப்போவுக்குப் போய் நவநீத்தை நேரில் கண்டு, தெரிந்துதான் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். தொலைபேசியில் சொல்லக் கூடாது.