உரிமையாளர் முகத்தைக் காட்டவும்

பாஸ்வேர்டு மாடிப்படி ஏறினால் இரண்டு இரண்டு படியாகத் தாவுவான். அன்றைக்கு ஒவ்வொரு படியாக வந்தான். நல்ல சேதி கொண்டு வருகிறவன் படியை எண்ணிக்கொண்டு வரமாட்டான். சக்கரக்காரர் கையிலிருந்த பார்சல் டேப்பைக் கீழே வைத்தார்.

பாஸ்வேர்டு என்பது அவனுக்குத் தெரு வைத்த பெயர். ஆன்லைன் சந்தையில் கடை போட்டிருப்பவர்களுக்குக் கணக்கைப் பார்த்துக் கொடுப்பது அவன் தொழில். படம் ஏற்றுவான், விலையைத் திருத்துவான், வாங்குகிறவர்கள் கேட்பதற்குப் பதில் எழுதுவான். நாற்பது கடைகளின் கடவுச்சொல்லும் அவன் தலைக்குள் இருந்தது. கட்டின பெண்டாட்டியின் பிறந்த நாளை மறந்தாலும் மறப்பான், நாற்பதில் ஒன்றை மறக்கமாட்டான் என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

சக்கரக்காரர் விற்பது சக்கரம். பயணப் பெட்டிக்கு, ஆபீஸ் நாற்காலிக்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு என்று உடைந்துபோனதற்கு மாற்றாகப் போடும் சின்னச் சக்கரங்கள். சுவரோடு சுவராக இரும்பு அலமாரி, நடுவில் பார்சல் கட்டும் மேஜை, ஓரத்தில் லேபிள் அடிக்கும் மெஷின். அந்த மாடி அறைக்கு ஏறி வந்து வாங்குகிறவன் ஒருத்தன் கிடையாது. எல்லாம் கணக்கு வழியாகத்தான். பதினோரு வருடக் கணக்கு, அதன் தலைமேல் வாங்கினவர்கள் போட்ட ஐந்துக்கு நாலே முக்கால் நட்சத்திரம். உண்மையான கடை அதுதான். அறையில் கிடந்தது வெறும் இரும்பும் ரப்பரும்.

"ஐயா, கம்பெனி புதுசா சட்டம் போட்டிருக்கான்," என்றான் பாஸ்வேர்டு.

அவன் சொன்னது இது. இனிமேல் அவனைப்போல வெளியாள் எவனும் கடைக்காரரின் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போகக்கூடாது. கம்பெனியில் தன் பெயரைத் தனியாகப் பதிய வேண்டும். பிறகு கடைக்காரரே தன் கணக்குக்குள் போய், இன்னாரைச் சேர்க்கிறேன், இன்ன வேலை மட்டும் செய்யலாம் என்று தன் கையால் அனுமதி கொடுக்க வேண்டும். அனுமதி கொடுக்கிறவர் உரிமையாளர்தானா என்று பார்க்க, கேமரா முன்னால் உட்கார்ந்து முகத்தைக் காட்ட வேண்டும். பன்னிரண்டு நாள் கெடு. தாண்டினால் கணக்குக்குப் பூட்டு.

"காலையிலேருந்து பத்து கடை முடிச்சுட்டேன். அஞ்சு நிமிஷ வேலைதான், ஐயா." அதைச் சொல்லும்போது அவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அலமாரியைப் பார்த்தான்.

கணக்கின் உரிமையாளர் சக்கரக்காரரின் மனைவி. அவள் செத்து ஏழு மாதமாகிவிட்டது.

சக்கரக்காரர் தன் நிழலையும் திரும்பிப் பார்த்து நடக்கிற மனிதர். முன்பு தம்பியோடு கூட்டு வியாபாரம் செய்து கோர்ட்டு வரைக்கும் போனவர். தன் பெயரில் எது இருந்தாலும் தம்பி பங்குக்கு வந்து நிற்பான் என்று புதுக் கணக்கை மனைவி பெயரில் திறந்தார். அவளையாவது முழுசாக நம்பினாரா என்றால் அதுவும் இல்லை. பெயர் அவளுடையது, கணக்கில் கொடுத்த போன் நம்பர் அவருடையது. கம்பெனி எந்த ரகசிய எண் அனுப்பினாலும் அவர் சட்டைப்பைக்குத்தான் வரும்.

நட்சத்திரத்தைச் சம்பாதித்தது அவள். நாலு சக்கரம் வேண்டும் என்று யாராவது எழுதினால், எத்தனை உடைந்தது என்று முதலில் கேட்பாள். ஒன்றுதான் என்றால், ஒன்றே வாங்குங்கள், மற்ற மூன்றும் இன்னும் உழைக்கும் என்று பதில் எழுதுவாள். வருகிற வியாபாரத்தை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறாளே என்று இவர் வயிறு எரியும். ஆனால் ஒன்று வாங்கினவன் திரும்பி வந்தான், பத்துப் பேரிடம் சொல்லியும் விட்டான். அவள் போன பிறகு பாஸ்வேர்டு அவள் பெயரிலேயே, அவள் எழுதுகிற மாதிரியே பதில் எழுதினான். செத்ததை யாருக்கும் சொல்லாதே, ஓடுகிற வண்டியை நிறுத்தி அச்சைப் பார்க்காதே என்று இவர் அவனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அன்று மத்தியானம் மகளைப் போன் பண்ணி வரவழைத்தார். மகள் இரண்டு தெரு தள்ளி மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். சாப்பாட்டு நேரத்தில் வேலை உடுப்போடு வந்தாள். விஷயத்தைக் கேட்டாள்.

"நான் என்ன பண்ணணும்ப்பா?"

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து மனைவியின் மூக்குக் கண்ணாடியை எடுத்து நீட்டினார். ஊரே சொல்கிறதே, தாயை உரித்து வைத்தவள் என்று. கம்பெனியிடம் இருப்பது பதினோரு வருடத்துக்கு முந்தைய போட்டோ. அன்றைக்கு அவளுக்கு இருந்த வயதுக்கும் மகளின் இன்றைய வயதுக்கும் பத்து வருடம்கூட வித்தியாசமில்லை. மெஷினுக்கு என்ன தெரியப் போகிறது?

"இந்த லென்ஸ் நான் போட்டதுப்பா. இந்தப் பவர் எனக்குத் தலை சுத்தும்."

"அஞ்சு நிமிஷம்மா."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். பாஸ்வேர்டு லேப்டாப்பை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்தான். சக்கரக்காரர் தள்ளி நின்றார். ஜன்னலோரம் தெரிந்தது மனைவியின் முகம். பார்க்கமாட்டாமல் லேபிள் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நேராகப் பார்க்கச் சொன்னது, பார்த்தாள். இடது பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினாள். கண்ணைச் சிமிட்டச் சொன்னது. பிறகு புன்னகைக்கச் சொன்னது. அவளுக்கு அது வரவில்லை. வாய் கோணியது, அவ்வளவுதான். பொருந்தவில்லை என்று வந்தது. இரண்டாம் தடவை கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி மாட்டிக்கொண்டு பல் தெரியச் சிரித்தாள். அதற்கும் பொருந்தவில்லை என்றது. இன்னும் ஒரே வாய்ப்பு, அதுவரை புது ஆர்டர்கள் நிறுத்திவைக்கப்பட்டுள்ளன என்று சிவப்பு எழுத்தில் எழுதியும் காட்டியது. கெடுவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. இவர்களே கையைக் கொடுத்து அன்றைக்கே கதவை அறைந்துகொண்டார்கள்.

பாஸ்வேர்டு வேறு வழி தேடி ஒவ்வொரு பக்கமாகத் திறந்தான். கணக்கைப் பயன்படுத்துவோர் என்று ஒரு பக்கம். மேலே உரிமையாளர் பெயர். அதன் கீழே இன்னொரு வரி சாம்பல் நிறத்தில் இருந்தது. அவன் சட்டென்று மூடப் போனான். மகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க. அது என் பேருதானே?"

அவளுடைய பெயர்தான். இரண்டாவது ஆளாகச் சேர்க்க அழைப்பு. தேதி போன வருடத்துத் தேதி, அம்மா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த மாதம். பக்கத்திலேயே, ரகசிய எண் உறுதி செய்யப்படவில்லை, காலாவதி என்று போட்டிருந்தது. கீழே தள்ளிப் பார்த்தால் அதே மாதிரி வரிகள் மொத்தம் மூன்று. அம்மா மூன்று தடவை அழைத்திருக்கிறாள்.

"இது இருந்திருந்தா?" என்று மகள் பாஸ்வேர்டைக் கேட்டாள்.

அவன் திரையைப் பார்த்தே சொன்னான். "இரண்டாவது ஆள் இருந்திருந்தா, இறப்புச் சான்றிதழைக் கொடுத்ததும் கணக்கு அவங்க பேருக்கு மாறியிருக்கும், அக்கா. நட்சத்திரம் எல்லாம் அப்படியே."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அந்த எண்கள் எந்தப் போனுக்கு வந்திருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சக்கரக்காரருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. இதே மேஜைக்கு அந்தப் பக்கம், தலையில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்து, நம்பர் வந்துதாங்க என்று மனைவி கேட்டாள். சட்டைப்பைக்குள் போன் அதிர்ந்ததை உணர்ந்துகொண்டே, வரலையே என்றார் இவர். இன்றைக்கு மகள் சாவி கேட்பாள், நாளைக்குப் பூட்டை மாற்றுவாள், மருமகன் வந்து நாற்காலியில் உட்காருவான் என்று கணக்குப் போட்டார். கூலிக்கு வருகிறவன் என்றால் பிடிக்கவில்லையென்றால் போடா என்று சொல்லிவிடலாம், பெற்ற பிள்ளையை அப்படிச் சொல்ல முடியுமா? அப்படித்தான் மகளுக்குக் கொடுக்காததைக் கூப்பிட்டு பாஸ்வேர்டிடம் கொடுத்தார். மூன்றாவது தடவை வரலை என்றபோது மனைவி சிக்னல் சரியில்லை போல என்று மட்டும் சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடினாள். அவளுக்குத் தெரியும். தெரிந்தே மூடினாள்.

"இன்னும் ஒரு தடவை இருக்கும்மா. உக்காரு," என்றார்.

மகள் கண்ணாடியைக் கழற்றி, தன் உடுப்பின் ஓரத்தால் துடைத்து மேஜையில் வைத்தாள். கடையில் வாடிக்கையாளருக்குக் கொடுப்பதற்கு முன் துடைக்கிற மாதிரி.

"ஏழு மாசமா அம்மாவை வேலை வாங்கிட்டீங்க. செத்ததுக்கப்புறமும் லீவு குடுக்கல. போதும்ப்பா."

பாஸ்வேர்டு குறுக்கே வந்தான். அக்கா பெயரில் புதுசாக ஒரு கணக்குத் தொடங்கலாமே என்றான். நட்சத்திரம் இல்லாமல் ஆயிரம் கடைக்கு அடியில் கிடக்கும், ஆனாலும் ஒரு தொடக்கம் என்றான்.

"அதை எங்கம்மா கேட்டப்போ குடுத்திருக்கணும்," என்றாள். "எனக்கு வேண்டாம்."

பிறகு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். உரிமையாளர் வர இயலவில்லையா என்ற கேள்விக்குக் கீழே மூன்று பதில்கள் இருந்தன. உடல்நலமின்மை, வெளிநாடு, மரணம். பாஸ்வேர்டு மெதுவாகச் சொன்னான், கடைசியை அழுத்தினால் கணக்கு அந்த நிமிடமே மூடிவிடும், திரும்ப வராது. அவள் கடைசியை அழுத்தினாள். குடும்பத்தாரா என்று கேட்டது, மகள் என்று எழுதினாள்.

பதிவு செய்த போனுக்கு ரகசிய எண் அனுப்பியிருக்கிறோம் என்று வந்தது.

சக்கரக்காரரின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது.

"வந்துதாப்பா?"

வரலை என்ற சொல் நாக்கு நுனியில்தான் இருந்தது. பழகின சொல். அதைச் சொன்னால் எண் காலாவதியாகும், கணக்கு பூட்டியும் பூட்டாமலும் கெடு வரைக்கும் கிடக்கும். அதனால் யாருக்கு என்ன? அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். கண்ணாடி இல்லாமலும் அது மனைவியின் முகமாகவே இருந்தது.

"வந்துருச்சு," என்றார்.

போனைக் கையை நீட்டித் தூரப் பிடித்து, ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். ஆறு எண். மகள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி அழுத்தினாள். திரையில் இருந்த சக்கரப் படங்கள் போயின, நட்சத்திரம் போனது. ஒன்றே வாங்குங்கள், மற்ற மூன்றும் உழைக்கும் என்று மனைவி வருடக்கணக்காக எழுதியதும் அதோடு போனது. தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம் என்று ஒரு வரி நின்றது.

மகள் சாப்பாட்டு நேரம் முடிந்ததென்று கிளம்பிப் போனாள். இன்னும் முப்பது கடை இருக்கிறது என்று பாஸ்வேர்டும் போனான், படியில் சத்தமே கேட்காமல். காலையில் கட்டி வைத்த ஒரு பார்சல் மேஜையில் இருந்தது, லேபிள் ஒட்டாதது. யாருடையது, எங்கே போக வேண்டியது என்பதெல்லாம் கணக்குக்குள் இருந்தது.

சக்கரக்காரர் டேப்பை வெட்டி அதைத் திறந்து பார்த்தார். நாற்காலிச் சக்கரம், ஒன்றே ஒன்று. எடுத்து அதன் டப்பாவில் திரும்பப் போட்டார்.