பாலில் கலக்கச் சொன்ன மருந்து

தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் சூசையப்பன் கொடுத்த பொட்டலத்தை அங்கேயே பிரித்து, முத்துப்பேச்சி ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தாள். இனித்தது. மருந்தென்றால் கசக்க வேண்டாமா?

"என்னய்யா, சீனியக் குடுத்து அனுப்பப் பாக்கீகளா?"

"சீனி இல்ல தாயி, கிளைசின். அந்தப் பேருக்கே இனிப்புன்னுதான் அர்த்தமாம், கிரேக்கு பாஷையில. தோலையும் எலும்பையும் காய்ச்சுன பசையிலருந்து மொதமொதல்ல எடுத்தாகளாம். சதை வலுவத்துப் போறவுகளுக்குச் சீமையில இப்ப இதத்தான் குடுத்துப் பாக்காக."

"கேக்குமாய்யா?"

சூசையப்பன் துடைத்த சீசாவையே மறுபடியும் துடைத்தார். "பால்ல கலந்து மூணு வேளை குடு," என்றார்.

அவள் புருஷன் சின்னமுத்து செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தியைப் பிடித்தால் தேயிலைச் செடி தானாகத் தலை குனியும் என்று ஒரு காலத்தில் பேச்சு. இப்போது காலையில் தேவலை. பொழுது ஏற ஏற இமை இறங்கிவிடும். வாய்ச் சோற்றை மென்று முடிப்பதற்குள் தாடை ஓய்ந்துவிடும். மூணாற்று மழை எத்தனையோ பேரைச் சாய்த்திருக்கிறது, இப்படி ஒரு நோயை லயத்து வீடுகளில் யாரும் கண்டதில்லை. கங்காணி அதற்குச் சோம்பல் என்று பேர் வைத்துவிட்டார். திங்கட்கிழமை விடிகாலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவன் வந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டை ஒழித்துக்கொடு என்று சொல்லிவிட்டார். மலையிறங்கினால் கீழே அவர்களுக்கு என்ன இருக்கிறது? ஒரு குடிசை இருந்தது, அதுவும் அவன் அண்ணன்காரன் கைக்குப் போய்விட்டது.

மாடு வைத்திருந்த ராமுத்தாயிடம் அரைத் தம்ளர் பால் வாங்கி, பொடியைக் கரைத்துக் கரண்டியில் எடுத்துப் போனாள். படுத்திருந்தவன் வாயை இறுக மூடிக்கொண்டான்.

"ஏளா, எனக்கு இப்பமே பால் ஊத்துதியா?"

"அட கூறுகெட்ட மனுசா! வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று கத்தினாள். கத்திவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். சாகக் கிடக்கிறவனுக்குத்தானே கரண்டியில் பால்? அவன் நினைத்ததிலும் தப்பில்லை. அன்றிலிருந்து பாலில்லாக் கடுந்தேயிலைத் தண்ணீரில் கலந்து கொடுத்தாள். குடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கையை உயர்த்தித் தானே தலை சீவினான். முத்துப்பேச்சி முருகனுக்குச் சேவல் நேர்ந்துகொண்டாள். திங்கட்கிழமை பெரட்டில் போய் நின்றான். பேரைக் கூப்பிட்டதும் குரலும் கொடுத்தான். பத்து மணிக்குள் செடிகளுக்கு நடுவே விழுந்து கிடந்தான். கத்தி மட்டும் கையில் இருந்தது, கண் திறக்க முடியவில்லை.

"காலங்காத்தால குடிச்சிட்டு வந்திருக்கான்," என்றார் கங்காணி. முத்துப்பேச்சி அவர் காலில் விழுந்து பார்த்தாள். நாளைக்கு வீடு காலியாகணும் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் சட்டி பானைகளைச் சேலையில் மூட்டையாகக் கட்டினாள். பொட்டலத்தில் ஒரு வேளைக்குத்தான் மருந்து மிச்சம். தேயிலைத் தண்ணீரை அவள் சூடு பண்ணப் போனபோது, அவன் மூக்கால் வரும் குரலில் சொன்னான்.

"வேண்டாம்ளா. பால்லயே குடு."

"சும்ம இரும்யா," என்றாள். ஆனாலும் தம்ளரை எடுத்துக்கொண்டு ராமுத்தாய் வீட்டுக்குப் போனாள்.

முதல் கரண்டியில் பாதி உள்ளே போயிற்று; பாதி கடைவாயில் வழிந்தது. முந்தானையால் துடைத்தாள்.

"இனிக்குதாய்யா?"

தூக்க முடியாத இமைகளின் கீழே அவன் கண்கள் அவளைத் தேடின. வாயை மறுபடியும் திறந்தான். அவள் அடுத்த கரண்டியை மொண்டாள்.