முதலில் ஏறியவன்

நடக்க முடிந்தவனை ஏன் முதலில் ஏற்றினார்கள்? ஒரு வாரமாக யூனிஸுக்கு இது பிடிபடவில்லை. பெருவில், பதினேழாயிரம் அடி உயரப் பனிச்சரிவில், அவள் கணவன் சுந்தர்சிங் நுரையீரலில் நீர் கோத்துக் கிடந்தான். கூட ஏறிய கிரிஸுக்குக் கணுக்கால் சுளுக்கு, அவ்வளவுதான். ஹெலிகாப்டரோ கிரிஸை அடிவாரத்தில் இறக்கிவிட்டு, இருபது நிமிடம் கழித்தே சுந்தரைத் தூக்க வந்தது.

பைலட் மீதான புகாரை எழுதி முடித்துவிட்டாள். அனுப்பினால் அவருடைய லைசென்ஸ் போகலாம். அதற்கு முன் கிரிஸை பேர்லேண்டில் இருக்கும் தன் வீட்டுக்கு வரச் சொன்னாள்.

"உண்மையச் சொல்லு. என்னை ஏத்துங்கன்னு அழுது request பண்ணியா?"

கிரிஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இல்லக்கா. ஏன் என்னை எடுத்தாங்கன்னு எனக்கே தெரியல. ரேடியோல ரெண்டு பேர் வெயிட்டும் கேட்டாங்க. நான் அறுபத்திரெண்டு கிலோ, அண்ணன் தொண்ணூத்தெட்டுன்னு சொன்னேன்."

"சாகக் கிடக்கிறவனுக்கு வெயிட் பாப்பாங்களா? கதை விடாத."

சோபாவில் சாய்ந்திருந்த சுந்தர் இருமிக்கொண்டே சிரித்தான். "என் வெயிட்டைக் கேட்டதும் ஹெலிகாப்டரே பயந்து ஓடிருச்சு."

யூனிஸ் சிரிக்கவில்லை. ஆனால் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்ப்பவள். எண் ஒன்று காதில் விழுந்தால் சரிபார்க்காமல் விடமாட்டாள். மீட்புக் குழு அனுப்பிய பறப்பு அறிக்கையைத் திறந்தாள். சாக்குப்போக்கு என்று அவள் படிக்காமல் விட்ட பக்கம் அது.

மேலே போகப்போகக் காற்று மெலிகிறது. சுழலும் இறக்கை கீழே தள்ளுவதற்குக் காற்று போதாது. அதே இயந்திரம் அங்கே குறைந்த எடையைத்தான் தூக்கும். முதல் முறை வந்தபோது, பைலட்டும் எரிபொருளும் போக, தூக்க மிச்சமிருந்த திறன் எண்பது கிலோ.

"அப்போ பெட்ரோல் கம்மியா ஊத்திட்டு வந்திருக்கலாமே?"

"ரெண்டு ட்ரிப் அடிக்கணும்ல அக்கா. அடிவாரத்துல பெட்ரோல் பங்க்கா இருக்கு?"

யூனிஸ் அடுத்த வரியைப் பார்த்தாள். முதல் நடையில் எரிந்த எரிபொருள், நாற்பத்தைந்து கிலோ. சுந்தரை முதலில் தூக்குவதென்றால் அதைச் சும்மா வட்டமடித்தே எரித்திருக்க வேண்டும். பைலட் அந்த நேரத்தில் ஓர் ஆளைக் காப்பாற்றியிருக்கிறார்.

"கிரிஸ், உக்காரு. சாப்பிட்டுட்டுப் போ" என்று சொல்லிவிட்டுப் புகாரை அழித்தாள். அந்த இடத்தில் கணக்கை எழுதினாள்: முதல் நடையில் எண்பது கிலோவுக்கு மேல் தூக்க முடியாது. நாற்பத்தைந்து கிலோ எரிந்தபின் நூற்றிருபத்தைந்து வரை தூக்கலாம். ஆகவே கிரிஸ் முதலில், சுந்தர் அடுத்து. அந்த வரிசையில்தான் நேரம் வீணாகாமல் இருவரும் இறங்க முடியும்.