இடம் சொல்லும் வரி

பன்னிரண்டு தந்தி கிதாருக்குப் புதுத் தந்தி மாட்டிக்கொண்டிருந்தேன். சந்தையிலிருந்து வந்த என் மனைவி சாயோ பையைக்கூட இறக்கி வைக்காமல் வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"உன் பாட்டுல வர்ற மரத்தடியில தோண்டிக்கிட்டு இருக்காங்களாம்."

எந்தப் பாட்டு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பையிலிருந்த தக்காளி அத்தனையும் என் மேல் வந்து விழுந்திருக்கும். அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அந்த மரத்தை நட்டவன் நான்தான், அதுவும் சமையலறை மேசையில் உட்கார்ந்து பென்சிலால்.

நான் கொரீதோ என்கிற கதைப்பாட்டு எழுதிப் பாடுகிறவன். பேர் குக்கோ. யாராவது செத்தால், யாராவது யாரையாவது சாகடித்தால், எங்களைக் கூப்பிட்டுப் பாட்டுக் கட்டச் சொல்வார்கள். அதில் பேர் வேண்டும், தேதி வேண்டும், இடம் வேண்டும். ஒன்று குறைந்தாலும் கேட்கிறவன் பியர் பாட்டிலை மேசையில் தட்டி, "எங்கேப்பா நடந்தது?" என்று மானத்தை வாங்கிவிடுவான். பத்திரிகைக்காரன் எழுதப் பயப்படுவதை நாங்கள் பாடுகிறோம் என்று ஊருக்குள் ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் நானும் இருபது வருஷமாகக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். போன மாதம்கூடக் குலியக்கான் நகரத்திலிருந்து ஒரு வானொலிப் பெண் வந்து, நீங்கள் எழுதியதிலேயே பயங்கரமான பாட்டு எது என்று கேட்டாள். மூன்று சகோதரர்களின் தலைகளைப் பாலத்தில் தொங்கவிட்ட பாட்டைப் பாடிக் காட்டினேன். முகத்தைச் சுளித்தாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வெட்கங்கெட்டவன்.

மரம் வருகிற எலியாசர் பாட்டில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. அவன் தக்காளி லாரி ஓட்டியவன். இரண்டு வருஷத்துக்கு முன் மார்ச் ஒன்பதாம் தேதி, சுமையை இறக்கிவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனான். லாரி கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. வருஷம் திரும்பியதும் அவனோடு லாரி ஓட்டியவர்கள் என்னிடம் வந்தார்கள். பேர் இருந்தது, தேதி இருந்தது, இடம் மட்டும் இல்லை. எங்கே என்று தெரியவில்லை என்பதையே எழுதியிருக்கலாம். எழுதிப் பார்த்தேன், மெட்டில் நொண்டியது. அக்கார்டியன் வாசிக்கும் சிரிலோ கொட்டாவி விட்டுக்கொண்டே, ஒரு கிணத்தைத் தோண்டு, ஒரு மரத்தை நடு, முடிஞ்சுது ஜோலி என்றான். அப்படியே செய்தேன்.

*வற்றிக் கிடக்கும் கிணற்றருகே
ஒற்றைக் கருவேல மரத்தடியில்
அம்மா என்றான் எலியாசர்,
அப்புறம் ஒன்றும் பேசவில்லை.*

மெட்டு வால்ஸ் தாளம். கல்யாணங்களில் ஜோடி ஜோடியாக ஆடினார்கள். மூன்றாவது வரி வரும்போது குரலைக் கொஞ்சம் நடுங்கவிடுவேன். அந்த இடத்தில் கைதட்டல் நிச்சயம்.

சாயோ பையை இறக்கி வைத்தாள். தோண்டுவது எலியாசரின் அம்மாதான், போய் உண்மையைச் சொல்லிவிட்டு வா என்றாள். தந்தி மாட்டி முடித்துவிட்டுப் போகிறேன் என்றேன். தந்தி மாட்டி முடிந்தது, போகவில்லை. மறுநாள் தலைவலி. அதற்கு மறுநாள் வண்டியில் டயர் சரியில்லை. சிரிலோவிடம் சொன்னால், தோண்டட்டுமே, வீட்டில் உட்கார்ந்து அழுவதற்கு அது தேவலை என்றான். அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன், பிறகு விட்டேன். அடித்து என்ன ஆகப்போகிறது? பாலத்துப் பாட்டே திரும்பத் திரும்ப மண்டைக்குள் ஓடியது. அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டார்கள். இந்தப் பாட்டைக் கேட்டவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். நாலாம் நாள் காலையில் சாயோ வண்டிச் சாவியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

தோண்டும் இடத்துக்குக் கூப்பிடு தூரத்திலேயே சத்தம் கேட்டது. இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்து மண்ணுக்குள் இறக்குகிற சத்தம். ஏழு பெண்கள், முழுக்கைச் சட்டை, ஓலைத் தொப்பி, சட்டையின் முதுகில் காணாமல்போன அவரவர் பிள்ளையின் படம். கம்பியை இறக்கி, உருவி, நுனியை மூக்குக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்கள். பிணவாடை இல்லையென்றால் இரண்டடி தள்ளி மறுபடியும் அடித்தார்கள். கருவேல மரத்தைச் சுற்றிக் குழியாகவே இருந்தது, வேரெல்லாம் வெளியே தெரிந்தது. பக்கத்தில் கிணறு. வற்றிய கிணறுதான். எங்கள் பக்கம் எந்தக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, எந்தக் கிணற்றருகே கருவேலம் இல்லை?

தோன்யா ஒப்துலியா என்னைப் பார்த்ததும் கம்பியைப் போட்டுவிட்டு வந்தார். எலியாசரின் அம்மா, ஊரே மரியாதையாகத் தோன்யா என்றுதான் கூப்பிடும். ஒரு நாள் நீயே வருவாய் என்று இவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன் என்றார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். துணியில் சுற்றி வைத்திருந்த பீன்ஸ் வைத்த தொர்த்தியா ரொட்டிகளில் ஒன்றை என் கையில் திணித்தார். இது மூன்றாவது கிணறாம். முதல் இரண்டும் முடிந்துவிட்டதாம். மற்ற ஆறு பேரும் தங்கள் பிள்ளைகளைத் தேடுவதை நிறுத்தி வைத்துவிட்டு இங்கே வந்திருக்கிறார்களாம், இடம் தெரிந்த பிள்ளை இவன் ஒருவன்தான் என்பதால். தொர்த்தியாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அங்கேயே செத்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

"தோன்யா, அது நான் இட்டுக்கட்டினது. கிணறும் பொய், மரமும் பொய். எனக்கு ஒண்ணும் தெரியாது. மெட்டுக்கு ஒரு இடம் வேண்டியிருந்துது, அவ்வளவுதான்."

சுத்தியல் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மான்னு கூப்பிட்டான்னு எழுதினியே. அதுவும் மெட்டுக்கா?"

"ஆமா."

காறித் துப்புவார் என்று நினைத்தேன், துப்பியிருந்தால் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்திருப்பேன். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் கோபமே இல்லை, என் மேல் பரிதாபம்தான் இருந்தது.

"யாரு மிரட்டினாங்க?"

யாரும் மிரட்டவில்லை என்றேன். சாயோமேல் சத்தியம், என் இரண்டு பெண்கள்மேல் சத்தியம் என்றேன். பெண்களைப் பற்றிச் சொன்னதும், விஷயம் புரிந்துவிட்டது போலத் தலையை அசைத்தார்.

"பொய் எழுதினவன் பேசாம வீட்டுல கெடப்பான். வெயில்ல இவ்வளவு தூரம் வந்து இல்லேன்னு சொல்ல மாட்டான். உனக்கும் பொம்பளப் புள்ளைங்க இருக்கு, எனக்குத் தெரியாதா? உன் பேர எங்கயும் எடுக்க மாட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். அவர் விரலை உதட்டில் வைத்து என்னை அடக்கினார். ரோட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார், யாராவது வருகிறார்களா என்று. பிறகு என் முகத்துக்கு மிக அருகில் வந்து, குழந்தையிடம் கேட்பதுபோல மெல்லக் கேட்டார்.

"நீ ஒண்ணும் பேச வேணாம், ராசா. நான் கேக்குறேன், நீ தலைய மட்டும் ஆட்டு. கெணத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? இந்தப் பக்கமா?"

இல்லை என்று ஆட்டினால் அந்தப் பக்கம் தோண்டுவார்கள். குனிந்தால் இந்தப் பக்கம். மற்ற ஆறு பேரும் கம்பியைப் பிடித்தபடி என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெற்றியிலிருந்து வியர்வை இறங்கிக் கண்ணுக்குள் போனது. எங்கிருந்தோ ஒரு ஈ வந்து என் காதில் உட்கார்ந்தது. கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு நின்றேன்.