சொல்லாத பெயர்

பிரேமினிக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது, கிளினிக்கில் எடுத்த இரத்தத்தில் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருப்பது தெரிந்தது. லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள் அவள். கணவன் துஷாந்தைத் தவிர வேறு ஆணை அறியாதவள்.

"புருஷனையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேருக்கும் மருந்து போட்டாத்தான் புள்ள தப்பும்," என்றார் கிளினிக் தாதி மிஸ்ஸி.

வாரத்துக்கு ஒன்றாக மூன்று ஊசி போட்டுக்கொண்டாள். கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்த துஷாந்த், தனக்கு ஒரு நோயும் இல்லை என்று போனில் சிரித்தான். தீபாவளிக்கு வந்தபோது, ஊசி போட்டாயிற்று என்றான். அவள் நம்பினாள்.

எட்டாம் மாதம் பிள்ளை அசையாமல் போனது. ஆஸ்பத்திரியில் பிறந்தபோது உயிர் இல்லை. பெண் பிள்ளை, தலை நிறைய முடி. நோய் திரும்பவும் தொற்றியிருக்கிறது என்றார் டாக்டர். துஷாந்த் ஊசியே போட்டிருக்கவில்லை.

புதைத்த மூன்றாம் நாள் பிரேமினியே அவனைக் கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். முதல் ஊசி போட்டபின், வேறு யாருடனாவது பழக்கம் உண்டா, பெயர் வெளியே போகாது என்று உள்ளே கேட்டார்கள். இல்லை என்றான். வெளியே வந்ததும் அவள் வழியை மறித்தாள்.

"யாரு அவ?"

"விடு பிரேமினி."

"சண்டை போடக் கேக்கல. அவளுக்கும் மருந்து போடணும்ல?"

அவன் தரையைப் பார்த்தான். "சுலக்ஷனா. கொத்மலைப் புள்ள. கடையில கூட வேல செய்யுது. அதுக்கும் இப்ப மூணு மாசம்."

பிரேமினி படியில் உட்கார்ந்துவிட்டாள். பால் கட்டிய மார்பு வலித்தது. அவன் போனைக் கேட்டு வாங்கினாள்.

துஷாந்தின் மனைவி பேசுகிறேன் என்றதும் சுலக்ஷனா இணைப்பைத் துண்டித்தாள். இரண்டாம் தடவையும் அப்படியே.

மூன்றாம் தடவை பிரேமினி முந்திக்கொண்டாள். "வச்சிறாதீங்க. ஏச வரல. என் புள்ள செத்துப் போச்சு. நாளைக்கே கிளினிக் போயி இரத்தம் பாருங்க. ஒங்க புள்ளையக் காப்பாத்தலாம்."

அந்தப் பக்கம் அழுகை. "அவரு கல்யாணமே ஆகலன்னு சொன்னாரு அக்கா..."

"அது பெறகு. மொதல்ல ஊசி."

துஷாந்தை மிச்ச ஊசிகளுக்கும் அவளே கூட்டிப்போனாள். கடைசி ஊசி முடிந்ததும், இனி லயத்து வீட்டுக்கு வர வேண்டாம் என்று பஸ் ஏற்றிவிட்டாள்.

அடுத்த வாரம் சுலக்ஷனா அழைத்தாள். அவளுக்கும் நோய் இருந்தது. மருந்து ஏறிவிட்டது, பிள்ளையின் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறதாம்.

"நல்லது," என்றாள் பிரேமினி. போனை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். மகள் போன பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள்.